பன்னிரண்டு கட்டம் சேர்ந்தால் ஒன்று: பின்னப் பயிற்சி நோட்டு பற்றி ஒரு மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சென்ற கல்வியாண்டில் எங்கள் கடையில் கணக்குப் பயிற்சி நோட்டு வாங்கியவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நோட்டின் கட்டங்கள் சதுரமாக இல்லை. அகலம் 7 மில்லிமீட்டர், உயரம் ஆறரை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் நோட்டைக் கையோடு கொண்டுவந்து காட்டினார். அவருடைய மாணவி பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம் எண்ணிச் சதுரம் வரைந்திருக்கிறாள். அளவுகோலை வைத்தால் ஒரு பக்கம் 84 மில்லிமீட்டர், மறுபக்கம் 78. தான்தான் தவறாக எண்ணிவிட்டோம் என்று நினைத்து மூன்று முறை அழித்து வரைந்திருக்கிறாள்.

தவறு எங்களுடையது. அச்சுக்கு அனுப்பிய பக்கம் தாளைவிடச் சற்று நீளமாக இருந்தது. அதைத் தாளுக்குள் அடக்கியபோது உயரம் மட்டும் சுருங்கிவிட்டது. அச்சாகி வந்ததும் நாங்கள் அளந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மூன்று முறை அழித்த அந்தக் குழந்தையிடமும் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

உங்களிடம் உள்ள நோட்டு எது என்று அறிவது எளிது. மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு கட்டங்களை அளந்து பாருங்கள். 8.4 சென்டிமீட்டர் இருந்தால் சரியான நோட்டு. குறைந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள், புதியது தருகிறோம். எழுதிய நோட்டாக இருந்தாலும் சரி, ரசீது இல்லாவிட்டாலும் சரி. பழைய நோட்டையும் திருப்பித் தந்துவிடுவோம். பிள்ளைகள் போட்ட கணக்கு அவர்களுடையது.

மாற்றித் தரத்தான் வேண்டும் என்று ஆனபின், அதே நோட்டை மறுபடி அடிக்க மனம் வரவில்லை. பழைய நோட்டில் பின்னங்களுக்குத் தோசை போன்ற வட்டங்கள் இருந்தன. அரை, கால் வரை வட்டம் நன்றாக உதவும். ஐந்தாகச் சமமாக வெட்டு என்றால் பெரியவர்களுக்கே கை தடுமாறும். அதைவிடப் பெரிய குறை, பின்னம் என்றால் துண்டு என்றே பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடுகிறது. 5/4 என்று எழுதினால் "நான்கு துண்டில் ஐந்தை எப்படி எடுப்பது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பின்னமும் ஓர் எண்தான், எண்கோட்டில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்பதை வட்டம் காட்டுவதில்லை.

ஆகவே புதிய நோட்டு எண்கோட்டில் தொடங்குகிறது. பன்னிரண்டு கட்டம் சேர்ந்தால் ஒன்று. பத்தை விட்டுப் பன்னிரண்டை எடுத்ததற்குக் காரணம், அது இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் மீதியின்றி வகுபடும். அரை என்றால் ஆறு கட்டம், மூன்றில் ஒன்று நான்கு கட்டம், கால் மூன்று கட்டம். தாளின் அகலத்தில் 24 கட்டங்கள் இருப்பதால் கோடு 2 வரை நீள்கிறது. 5/4 பதினைந்தாவது கட்டத்தின் முடிவில் இருக்கிறது.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதாத பிள்ளை அபூர்வம். மேலே உள்ள தொகுதியைத் தொகுதியோடும் கீழே உள்ள பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிடுகிறார்கள். இதைச் சிவப்பு மையில் அடிப்பதற்கு முன், கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அரைக்கு ஆறு கட்டம். 2/5 ஐந்து கட்டம்கூட வராது. அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டியபின் அரையைவிடக் குறையுமா? அவர்களே அழித்துவிடுவார்கள். ஆறும் நான்கும் பத்து, பன்னிரண்டில் பத்து, அதாவது 5/6. மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்ற சொல் பிறகு வரட்டும்.

நோட்டின் அடுத்த பிரிவு ஆயத்தொலைவுகள், அதாவது ஒரு புள்ளியின் இடத்தை இரண்டு எண்களால் சொல்வது. இங்கே இரண்டு தடுமாற்றங்களை அடிக்கடி பார்க்கிறோம். கோடுகளை எண்ணாமல் கட்டங்களை எண்ணுவது ஒன்று. (3, 5) என்பதை (5, 3) ஆகக் குறிப்பது மற்றொன்று. எண்களைக் கட்டத்தின் நடுவில் அச்சிடாமல் கோட்டின் நேர் கீழே அச்சிட்டிருக்கிறோம், எண்ணத் தொடங்கும் ஆதிப்புள்ளியில் 0 பெரிதாக இருக்கும். முதலில் வலப்பக்கம் நட, பிறகு மேலே ஏறு என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

நாங்கள் மிகவும் ஆசையோடு செய்தது பின்னமும் ஆயத்தொலைவும் சந்திக்கும் பக்கங்கள். ஒரு பின்னத்தின் பகுதியை வலப்பக்கமும் தொகுதியை மேற்பக்கமும் எண்ணிப் புள்ளி வையுங்கள். 1/2, 2/4, 3/6 மூன்றும் (2, 1), (4, 2), (6, 3) என்று விழும். அளவுகோலை வைத்தால் மூன்றும் ஆதிப்புள்ளி வழியே செல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். சமான பின்னங்கள் என்று பாடத்தில் படித்தது இந்தக் கோடுதான். 3/4 பெரிதா, 2/3 பெரிதா? இரண்டுக்கும் கோடு இழுத்து, வலப்பக்கம் 12 வரை நீட்டினால் ஒன்று 9 உயரத்திலும் மற்றொன்று 8 உயரத்திலும் நிற்கும். பொதுப் பகுதி காண்பது என்பதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது.

பிறகு தாளை மடியுங்கள். கீழ் அச்சு இடது அச்சின் மேல் பொருந்துமாறு மடித்தால் கிடைக்கும் மடிப்பில்தான் 1/1, 2/2, 3/3 எல்லாம் இருக்கின்றன. மடிப்புக்குக் கீழே ஒன்றைவிடச் சிறிய தகு பின்னங்கள், மேலே ஒன்றைவிடப் பெரிய தகா பின்னங்கள். கட்டம் சதுரமாக இல்லாவிட்டால் இந்த மடிப்பு புள்ளிகளின் மேல் விழாது. அந்த அரை மில்லிமீட்டரை நாங்கள் சிறிய பிழையாக எண்ணாததற்கு இதுவே காரணம்.

ஐந்தில் ஒன்று பன்னிரண்டில் அடங்காது என்பதால், அந்தப் பக்கங்களில் மட்டும் ஒன்றுக்கு இருபது கட்டம். இருபதில் ஒன்றுக்கு நம்மிடம் பெயரே உண்டு: மா. எண்பதில் ஒன்று காணி. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதன் பெயர் மாகாணி! பெயருக்குள்ளேயே கூட்டல் இருக்கிறது. வீசம் என்பதும் அதுவே. பின் அட்டையின் உட்புறம் எண்பது சிறு கட்டங்கள் கொண்ட பட்டை ஒன்று அச்சிட்டிருக்கிறோம். "முக்காலே மூன்று வீசம்" என்று வீட்டில் யாராவது சொன்னால், பிள்ளையை அதில் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். முக்காலுக்கு அறுபது, மூன்று வீசத்துக்குப் பதினைந்து, ஆக எழுபத்தைந்து கட்டம் நிறையும். ஐந்து மட்டும் வெறுமையாக நிற்கும்.

விலையில் மாற்றமில்லை. விடைகளை நோட்டில் சேர்க்கவில்லை. பெற்றோர் கேட்டால் தனித்தாளாகத் தருகிறோம். இந்த முறை வந்த ஒவ்வொரு கட்டிலும் ஒரு நோட்டைப் பிரித்து, இருபுறமும் அளந்த பிறகே அலமாரியில் அடுக்கினோம். அப்படியும் பிழை ஏதேனும் கண்ணில் பட்டால், அந்த ஆசிரியையைப் போல நேரில் வந்து காட்டுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்