கடைமடை ஏரிக்கும் ஒரு பங்கு எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வற்றிப்போன பாலைவன ஏரிகளுக்குத் தண்ணீரைத் திருப்பி விடுவது வீண் செலவு, விட்டதெல்லாம் வெயிலில் ஆவியாகத்தான் போகும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டு நாளாக அது மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பிறந்தது வேதாரண்யம் பக்கம், காவிரியின் கடைமடை. கல்யாணமாகி இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சு என்று ரேடியோவில் சொன்ன அன்றிலிருந்தே அப்பா நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார். ராத்திரியில் டார்ச்சோடு போய் வாய்க்காலைப் பார்ப்பார். முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, முன்னால் பூச்சிகள் ஓட, முழம் முழமாக நகர்ந்து வரும். சில வருஷம் வரவே வராது. மேலே இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், அவரவர் வயலுக்கு அவரவர் எடுத்தார்கள், எங்கள் முறை வந்தபோது மிச்சம் இல்லை.

பாலைவன ஏரியும் ஒரு கடைமடைதான். கடலுக்குப் போகாத ஆறு வந்து முடிகிற இடம் அது. எல்லோரும் எடுத்தது போக மிஞ்சினால் உனக்கு என்று விட்டால், ஒருநாளும் மிஞ்சாது.

சீனாவில் ஹெய்ஹே என்று ஓர் ஆறு. சீலியன் மலையில் பிறந்து, நடுவில் ஜாங்யே பக்கத்து வயல்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கோபி பாலைவனத்தில் ஜூயான் ஏரிகளில் போய் முடியும். மேலே பாசனம் பெருகப் பெருக மேற்கு ஏரி 1961-லும் கிழக்கு ஏரி 1992-லும் வற்றின. கரையோர மரங்கள் பட்டுப்போய், ஏரியும் நிலமும் புழுதி கிளம்புகிற இடமாகிவிட்டன. அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். மலையை விட்டு இறங்கும் இடத்தில் சராசரி ஆண்டில் 158 கோடி கன மீட்டர் வந்தால், கீழே 95 கோடி போயே ஆகவேண்டும் என்று பங்கை எழுத்தில் வைத்தார்கள். 2000-லிருந்து, குறித்த நாட்களில் நடுப்பகுதியின் மதகுகளை எல்லாம் ஒரே சமயத்தில் மூடி, ஆற்றை மொத்தமாகக் கீழே விட்டார்கள். 2002 ஜூலையில் கிழக்கு ஏரிக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் முறை வைத்து விடுவோமே, அதேதான்.

ஆவியாகாதா என்றால், ஆகும், நிறையவே ஆகும். ஆனால் வழியெல்லாம் மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர்தான் கரையோர மரங்களை உயிரோடு வைக்கிறது, மரம் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: மதகு மூடியதும் ஜாங்யே விவசாயிகள் கிணற்றுத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார்கள், அங்கே நிலத்தடி நீர் இறங்கியது. ஏரிக்குப் பங்கு எழுதும்போதே மேலே எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்பதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். கஜகஸ்தான் பக்கம் ஆரல் கடல் என்கிற பெரிய ஏரி வற்றித் துண்டுகளாகிப் போனது, அதையும் முழுசாக மீட்க முடியவில்லை. வடக்குத் துண்டுக்கு மட்டும் 2005-இல் 13 கிலோமீட்டர் கரை போட்டு நிறுத்தினார்கள், பல வருஷம் பிடிக்கும் என்று நினைத்த மட்டம் ஒரு வருஷத்துக்குள் வந்து, மீனும் திரும்பியது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது இந்த நாட்டிலேயே கிம்பர்லி என்கிற ஊரில் ஒரு ஏரியைப் பார்த்த பிறகுதான். ஊருக்கு வடக்கே காம்ஃபர்ஸ் டாம். பெயர்தான் டாம், உண்மையில் இயற்கையான உப்புப் பள்ளம், மழை பெய்தால் நிரம்பி வெயிலில் காய்வதுதான் அதன் வழக்கம். ஊரின் சுத்திகரித்த கழிவுநீர் வர ஆரம்பித்த பிறகு வருஷம் முழுக்கத் தண்ணீர் நின்றது. சின்னப் பூநாரை என்கிற இனப் பறவைகள் வந்தன. 2006-இல் அவற்றுக்காக ஒரு மண் தீவு கட்டினார்கள், அதில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தன. இந்தப் பறவை முட்டையிடுகிற இடங்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், குஜராத்தின் ரண் பகுதி அதில் ஒன்று. பிறகு தண்ணீர் அளவு மீறி வந்து அந்தத் தீவே மூழ்கியது. 2019 ஜனவரியில் நேர்மாறாக, வரவேண்டிய தண்ணீர் குறைந்து ஏரி சுருங்க, தாய்ப்பறவைகள் கூட்டை விட்டுப் போய்விட்டன.

அடுத்த மாதம் என் வீட்டுக்காரரின் அத்தையைப் பார்க்கக் கிம்பர்லி போயிருந்தோம். சாலையோரம் காரை நிறுத்திப் பார்த்தால், வெள்ளையாக உப்புப் பூத்து வெடித்த சேறு, அதில் ஒட்டிக் காய்ந்த இறகுகள், அதைத் தாண்டி எங்கோ ஒரு கோடு போலத் தண்ணீர். அத்தையின் பேரன் தன்னார்வலர்களோடு போய்க் குஞ்சுகளைப் பெட்டியில் எடுத்து வைத்தவன். "ரோஸ் இல்ல ஆன்ட்டி, சாம்பல் கலரு, பஞ்சு மாதிரி, கையில எடுத்தா நெஞ்சு துடிக்கிறது தெரியும்" என்றான். ஏறக்குறைய 2,000 குஞ்சுகளைக் காப்பாற்றி கேப் டவுன் முதலிய ஊர்களுக்கு அனுப்பி வளர்த்தார்கள். கோடியக்கரையில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான், அன்று அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

குஞ்சுகளைத் தூக்கி வளர்த்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் பெட்டியோடு ஓடமுடியுமா? கூடுதலாக வந்தபோது தீவு முழுகியது, குறைந்தபோது கூடு காய்ந்தது. ஆகவே எந்த மாதம் எவ்வளவு, எதற்கு மேல் போனால் நிறுத்துவது, எதற்குக் கீழே இறங்கினால் யார் பொறுப்பு என்று எழுதி வைத்து, ஏரியில் ஓர் அளவுகோலை நட்டு, அதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளையும் போடவேண்டும்.

மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிற பேப்பர் உங்களுடையது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் அப்பா காப்பியே குடிப்பார். காம்ஃபர்ஸ் டாமின் மட்டத்தையும் வாரம் ஒருமுறை வெளியிடச் சொல்லி அத்தையும் அக்கம்பக்கத்தாரும் மனு எழுதுகிறார்கள். டர்பனில் நான் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன், இதுவரை நாற்பத்தொன்று சேர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
வேதாரண்யத்து வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்