குளிர்காலத்தில் தோலைக் காக்கும் வழி: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். குழந்தையை அழைத்துக்கொண்டு நடுக்குளிரில் இங்கு வந்து சேரப்போகிறாய். கம்பளி உடைகளைப் பற்றி உனக்கு எல்லோரும் சொல்லியிருப்பார்கள். தோலைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால், இந்தக் கடிதம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

இங்கே தோலை வாட்டுவது வெளியில் அடிக்கும் குளிர்காற்று மட்டுமன்று; வீட்டுக்குள் இருக்கும் வறண்ட வெப்பமும்தான். 0 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியை மட்டுமே கொள்ளும். 20 டிகிரியில் அதே அளவு காற்று 17 கிராம் வரை கொள்ளும். வெளிக்காற்று உள்ளே வந்து ஹீட்டரால் சூடேறும்போது அதன் கொள்ளளவு கூடுகிறதே தவிர அதிலுள்ள நீர் கூடுவதில்லை. ஆகையால், வெளியில் ஈரப்பதம் 100 சதவீதமாக இருக்கும் நாளிலும், வீட்டுக்குள் அது 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்தக் காற்று நம் தோலிலிருந்து நீரை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

தோலின் மேலடுக்கு, செங்கற்களை அடுக்கி இடையில் சாந்து பூசிய சுவரைப் போன்றது. இறந்த உயிரணுக்கள் செங்கற்கள் என்றால், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. அந்தக் கொழுப்பு குறைந்தால் உள்ளிருக்கும் நீர் கசிந்து வெளியேறும். முதலில் கணுக்காலுக்கு மேலே தோல் வெள்ளை பூத்து, காலுறையைக் கழற்றும்போது பொடிப்பொடியாக உதிரும். பிறகு விரல் முட்டிகளில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடும்; கம்பளியைத் தொட்டால் அதன் இழை விரல்நுனியில் சிக்கிக்கொள்ளும். இந்த நிலைக்கு வந்துவிட்ட கையில் தண்ணீர் பட்டாலும் எரியும்.

வந்த முதல் வாரத்தில் நெடுநேரம் கொதிக்கக் கொதிக்கக் குளிக்க வேண்டும் என்ற ஆசை உனக்கு வரும். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதே. வெந்நீரும் நுரை பொங்கும் சோப்பும் சேர்ந்து அந்தக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளித்தால் போதும். வாசனை சேர்க்காத மென்மையான சோப்பை, வியர்க்கும் இடங்களுக்கு மட்டும் பயன்படுத்து. குளித்த பின் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள், அதாவது ஓரிரு நிமிடங்களுக்குள், களிம்பைத் தடவிவிட வேண்டும். பூசும் பொருளைவிடப் பூசும் நேரமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. தோலில் அப்போது இருக்கும் நீரை வெளியேறவிடாமல் காப்பதே களிம்பின் வேலை. காய்ந்த தோலின் மேல் எவ்வளவு பூசினாலும் அந்தப் பலன் கிடைக்காது.

எதை வாங்குவது என்று குழம்ப வேண்டாம். லோஷனில் நீர் மிகுதி என்பதால் குளிர்காலத்துக்கு அது போதாது; கெட்டியான கிரீம் நல்லது, வாசலின் போன்ற பிசுபிசுப்பான களிம்பு அதைவிட நல்லது. கிளிசரின் கலந்த கிரீம் நீரை ஈர்த்து வைத்திருக்கும். குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த கிரீம் மிகவும் உதவும். ஆனால் ஆழமாகப் பிளந்த இடத்தில் அது எரியும், குழந்தைக்கோ மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. இரவில் கைகளுக்குத் தடவிக்கொண்டு பருத்திக் கையுறை அணிந்து படுத்தால், விடியும்போது வித்தியாசம் தெரியும்.

உதடு காய்ந்தால் நாக்கால் நனைக்கத் தோன்றும். எச்சில் ஆவியாகும்போது உதடு மேலும் வறண்டுபோகும் என்பதைக் குழந்தைக்கு இப்போதே சொல்லிப் பழக்கு. கம்பளியை நேராக உடம்பின்மேல் போடாமல், உள்ளே பருத்தியாடை அணிவித்தால் அரிப்பு குறையும். குளிர்காலத்திலும் சன்ஸ்கிரீன் தேவையா என்று கேட்பாய். புதிதாக விழுந்த பனி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பியனுப்பும் என்பதால், பனி மூடிய வெளியில் நெடுநேரம் நிற்கும் நாளில் கட்டாயம் தேவை.

குழந்தையின் கன்னம், மூக்கு நுனி, விரல்கள் ஆகியவற்றை வெளியில் அடிக்கடி பார்த்துக்கொள். அங்கே நிறம் மாறி வெளுத்து, உணர்ச்சி குறைந்தால் உடனே உள்ளே அழைத்து வந்து, தேய்க்காமல், உன் உள்ளங்கையின் சூட்டால் மெல்லச் சூடேற்று. உணர்ச்சி திரும்பாவிட்டாலும், கொப்புளம் கண்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வெடிப்பில் சீழ் கோத்தாலும், அரிப்பால் உறக்கம் கெட்டாலும் வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிடாதே.

விமானத்துக்குள் காற்று இங்குள்ள வீடுகளைவிடவும் வறண்டிருக்கும். ஆகையால் சிறிய களிம்பு டப்பா ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். ஏறியதும் இருவரும் கைக்கும் உதட்டுக்கும் தடவிக்கொள்ளுங்கள். மற்றவற்றை நேரில் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா