தரையில் கால் வைக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் அப்பத்தாவும் நலம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ கட்டிலை விட்டு இறங்கியதைப் பார்த்தேன். குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலிலேயே நாலு எட்டு வைத்தாய். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, நடந்தா சரியாயிரும்" என்கிறாய். நடந்தால் குறையும், எனக்குத் தெரியும். கிச்சன் வேலை முடிந்து கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் சுருக்கென்று குத்தும், அதுவும் தெரியும். அந்த வலியோடு ஒன்றரை வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். உன்னிடம் சொன்னதில்லை.

ஜவுளிக்கடையில் 16 வருஷம் நின்றேன். காலை பத்து மணிக்கு ஏறினால் ராத்திரி ஒன்பதரை. மதியச் சாப்பாட்டு நேரம் இருபது நிமிஷம்தான் உட்காருவது. கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் நம் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டதாம். எங்கள் மாடிக்கும் இரண்டு ஸ்டூல் வந்தது. அதில் சேலை அட்டைப்பெட்டிதான் உட்கார்ந்திருந்தது.

வலிக்கு முதலில் எண்ணெய், அப்புறம் மாத்திரை. எக்ஸ்ரே எடுத்த இடத்தில், குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது, அதுதான் குத்துகிறது என்று சொல்லி ஊசி போட்டார்கள். ஒரு மாதம் சொர்க்கம். அதற்கப்புறம் பழைய கதை.

அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்ய ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? நான் காபி கொண்டு வந்த நடையைப் பார்த்தே கேட்டுவிட்டாள்: "அக்கா, காலையில முதல் அடி வைக்கிறப்பதான் ரொம்ப வலிக்குதா?"

அந்த முள், வலியே இல்லாதவர்களுக்கும் எக்ஸ்ரேயில் தெரியுமாம். வலி அதனால் இல்லை. குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் பாதத்தின் அடியில் ஒரு நார்ப்பட்டை போகிறது. நாள் முழுக்க நின்றால் குதிகாலில் அது ஒட்டியிருக்கும் இடம் நைந்துபோகும். ராத்திரி சுருங்கிக் கிடந்துவிட்டு முதல் அடியில் வெடுக்கென்று இழுபடும். கெண்டைக்கால் இறுகியிருந்தால் இழுப்பு இன்னும் அதிகம். திரும்பத் திரும்ப ஊசி போட்டால் அந்த நார் அறுந்துபோகவும் கூடும் என்றாள்.

அதனால் கண் விழித்ததும், தரையில் கால் வைக்கும் முன், கட்டிலிலேயே உட்கார்ந்து வலிக்கிற காலைத் தூக்கி மற்ற முழங்கால் மேல் போடு. கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலைப் பார்க்க இழு. மறு கையால் உள்ளங்காலைத் தடவினால் கயிறு மாதிரி விறைப்பாகத் தட்டுப்படும். பத்து எண்ணும் வரை பிடி. இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிறகு சுவரில் கையூன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முட்டி மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முப்பது எண்ணு.

வலி கொஞ்சம் அடங்கினதும் படியில் செய்கிறது ஒன்று இருக்கிறது. துண்டைச் சுருட்டி விரலுக்கடியில் வைத்து, குதிகால் படிக்கு வெளியே தொங்க நின்று, மூன்று எண்ணி உயர்ந்து, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறங்க வேண்டும். பன்னிரண்டு தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். நம் மாடிப்படியில் நான் இப்படி எழும்பி எழும்பி நிற்பதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அத்தை "என்னடி, சாமி வந்துருச்சா?" என்று கேட்டாள்.

ஆறாவது வாரம் வலி விட்டது. நானும் விட்டேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நாலே நாளில் திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து, முழுசாகப் போக ஐந்து மாதம் ஆனது. நீயும் சலித்துப்போய் விடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு? பல் விளக்குவது மாதிரி வைத்துக்கொள்.

வலி அதிகமான நாளில் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து, துணி சுற்றி, பாதத்தடியில் உருட்டு. ரூமில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதே. அடுப்புக்கு முன்னால் ரப்பர் விரிப்பு போட்டுத் தரச் சொல்லிக் கேள். கேட்டால் குறைந்துவிட மாட்டாய். ஆனால் கால் மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, படுத்திருக்கும்போதே வலித்தாலோ இதையெல்லாம் செய்துகொண்டிராமல் டாக்டரிடம் போ.

உன் ஷூவின் பின்பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்திருந்ததையும் பார்த்தேன். நான் போடுவது எம்சிஆர் செருப்பு, மெத்தென்ற ரப்பர் வைத்தது. சுகர்காரர்கள் செருப்பு என்று உன் அப்பா கேலி செய்வார், செய்யட்டும். அடுத்த மாதம் மாமா மகன் மஸ்கட் வருகிறான், உனக்கும் ஒரு ஜோடி கொடுத்துவிடுகிறேன். உன் கால் அளவு இன்னும் எட்டுதானா, ஒன்பதா? பேப்பரில் பாதத்தை வைத்து வரைந்து போட்டோ அனுப்பு.

அம்மா