யூத மதம் மோசேயோடு நின்றுவிடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் யூத மதம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆபிரகாம், மோசே, சீனாய் மலை, சாலொமோனின் ஆலயம் என்று எல்லாம் சுவையாகவே இருந்தது. ஆனால் கி.பி. 70-ல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை எரித்ததும் கட்டுரை ஒரே தாவாகத் தாவி ஹிட்லருக்கும் இஸ்ரேல் நாடு உருவான 1948-க்கும் போய்விடுகிறது. இன்று யூதர்கள் கடைப்பிடிக்கும் மதத்தின் பெரும்பகுதி உருவானது நடுவில் விட்டுப்போன அந்தக் காலத்தில்தான்.

நம்மில் பலர் யூதர்களை அறிந்ததே தமிழ் பைபிள் வழியாக. அதனால் பழைய ஏற்பாடுதான் யூத மதம் என்று நினைத்துக்கொள்கிறோம். பிரசங்கங்களில், இயேசு காலத்து யூதப் பிரிவினரான பரிசேயர் என்றாலே வேஷக்காரர். ஆலயம் போன பிறகு மதத்தைத் தூக்கி நிறுத்திய ரபிகள் (யூத மத ஆசிரியர்கள்) அந்தப் பரிசேயர் வழியில் வந்தவர்கள் என்பது காதில் விழுவதே இல்லை.

அதுவரை வழிபாட்டின் மையம் எருசலேம் பலிபீடம். வேறு இடத்தில் பலி கொடுக்கக் கூடாது. பீடமே இல்லை என்றால் என்ன செய்வது? முற்றுகையில் இருந்த நகரத்திலிருந்து யோகனான் பென் சக்காய் என்ற ரபியைச் சீடர்கள் பிணம் போலத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள் என்றும், யவ்னே ஊரையும் அங்கிருந்த அறிஞர்களையும் விட்டுவைக்கும்படி அவர் ரோமத் தளபதி வெஸ்பாசியனிடம் கேட்டார் என்றும் ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் சொல்கிறது. கதை எப்படியோ, யவ்னேயில் கல்வி மையம் உருவானது உண்மை. பலியின் இடத்துக்கு ஜெபம் வந்தது. வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் எந்த ஊரிலும் முழு வழிபாடு நடத்தலாம், பூசாரி தேவையில்லை. வெள்ளி மாலை விளக்கேற்றி, திராட்சை ரசத்தின் மேல் ஆசி சொல்லி ஓய்வுநாளை வரவேற்பது வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்' என்பதைக் கட்டுரையாளர் யூத நீதி என்று எழுதியிருக்கிறார். வசனம் இருக்கிறது, சரி. ஆனால் தல்மூத்தில் ரபிகள் அந்த வசனத்தை வைத்துப் பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். ஏற்கெனவே பார்வை இல்லாதவன் இன்னொருவன் கண்ணைக் கெடுத்தால் அவனிடம் எதைப் பறிப்பது? கண்ணை எடுக்கப்போய் உயிரும் போய்விட்டால்? கடைசியில் பணமாகத்தான் ஈடு கட்ட வேண்டும் என்று முடிகிறது. அதையும் ஐந்து தலைப்பாகப் பிரிக்கிறார்கள்: உறுப்புச் சேதம், வலி, வைத்தியச் செலவு, வேலை செய்ய முடியாத நாட்களின் வருமானம், அவமானம். நம் ஊர் வாகன விபத்து நஷ்டஈட்டு மனுவைப் பார்ப்பது போலவே இருக்கும்.

உணவு விதியும் இப்படித்தான். மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் இருப்பது 'வெள்ளாட்டுக் குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்காதே' என்ற கட்டளை. அதிலிருந்து பாலும் இறைச்சியும் ஒரே வேளையில் கூடாது, பாத்திரங்களே தனித்தனி என்று வளர்ந்தது. கோழிக்கு ஏது பால்? கலிலேயாவைச் சேர்ந்த ரபி யோசே இதையே கேட்டார். அவர் ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டார்கள். பெரும்பான்மை அவர் கருத்தை ஏற்கவில்லை. ஆனாலும் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூலில் அந்தத் தோற்றுப்போன கருத்து அவர் பெயரோடு அப்படியே இருக்கிறது. எனக்கு இந்த மதத்தில் மிகவும் பிடித்தது இந்த வழக்கம்தான்.

ரபிகளின் இந்த வாய்மொழி மரபை ஏற்காமல், வேதமே போதும் என்று பிரிந்த காராயர்கள் என்ற சிறு பிரிவு இன்றும் உண்டு. பழைய ஏற்பாட்டு யூதர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவர்களைச் சொல்லிப் பார்க்கலாம்.

கடைசியாக அந்தப் படம். வெள்ளை உடையில் ஆட்டுக்குட்டிகளோடு நிற்பவர்களின் கீழே 'கெரிசிம் மலையில் யூதர்களின் பஸ்கா பலி' என்று போட்டிருக்கிறீர்கள். கெரிசிமில் பலியிடுபவர்கள் சமாரியர்கள் என்ற தனிச் சமூகத்தினர். அவர்களுக்கு எருசலேம் அல்ல, கெரிசிம்தான் புனித மலை. எகிப்திலிருந்து விடுதலையான நினைவாக யூதர்கள் கொண்டாடும் பஸ்கா விருந்தில் பழைய பலியின் நினைவாகத் தட்டில் ஓர் எலும்பை வைப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள். இடம் இருந்தால், யவ்னேயிலிருந்து 12-ம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் வரைக்குமாவது கட்டுரையாளரையே ஒரு தொடர்ச்சி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்