குவாதலூப்பில் நமக்கு ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கரீபியன் கப்பல் பயணக் கட்டுரையில் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே வரி. கப்பல் ஒரு நாள் நிற்கும், அங்கே நமக்குப் பார்க்க ஒன்றுமில்லை, இறங்காமல் நீச்சல் குளத்தில் பொழுதைப் போக்கலாம் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் காரைக்கால்காரி. எங்கள் ஊரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறிய சனங்களின் பேரன் பேத்திகள் வாழும் தீவு அது.

உங்களுக்குத் தெரியாத வரலாறு இல்லை. 1848-இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடி நம் பக்கம் வந்தார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஓரேலி’ என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் குவாதலூப்பில் இறக்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் 40,000 பேருக்கு மேல் போனார்கள். அங்கே பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரும் பிரெஞ்சுக் குடிமக்களே என்று கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் போராடி 1923-இல் அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தார். எர்னஸ்ட் முத்துசாமி 1981-இலிருந்து பாரீஸ் நாடாளுமன்றத்தில் அந்தத் தீவின் உறுப்பினராக இருந்தார். இத்தனை பேர் இருந்த, இருக்கிற இடத்தை “ஒன்றுமில்லை” என்று எழுத எப்படி மனம் வந்தது?

ஒரு நாளில் என்ன பார்த்துவிட முடியும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இருக்கும் மகள் குடும்பத்தோடு ஃபுளோரிடாவில் கப்பலேறி நாங்கள் போய்ப் பார்த்ததைத்தான் சொல்கிறேன். கப்பலில் விற்ற சுற்றுலாக்களில் கடற்கரையும் படகும் இருந்தன, கோயில் இல்லை. தனியாகப் போனால் கப்பல் உங்களுக்காக நிற்காது என்று அங்கிருந்த பெண் எச்சரித்தாள். அது உண்மைதான், அவர்கள் ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் மட்டும்தான் காத்திருப்பார்கள். அதனால் ஒரே ஒரு இடம் என்று முடிவு செய்துகொண்டோம். தீவின் துறைமுக நகரான புவாந்த்-ஆ-பீத்ரில் கப்பல் ஊரை ஒட்டியே நிற்கிறது, படகு மாறி இறங்க வேண்டியதில்லை. முழங்கால் வலிக்காரரான என் கணவருக்கு அதுவே பெரிய உதவி. அவர் பிரெஞ்சு படித்தவர். வாடகைக் கார் ஓட்டுநரிடம் தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் மொத்தக் காருக்கும் போக வர ஒரே தொகை பேசி, திரும்ப வேண்டிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் காபெஸ்தெர் என்ற ஊர் வந்துவிட்டது. சாலையின் இருபக்கமும் உயர உயரமான பனை மரங்கள். அந்த ஊரில்தான் சாங்ஷி மாரியம்மன் கோயில்.

உள்ளே ஒரு மூதாட்டி விளக்கு துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டு ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தார். பிரெஞ்சு எழுத்தில் வரி வரியாகத் தமிழ்ப் பாட்டு. அவருடைய பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்ததாம். பொருள் தெரியாது, ராகம் மட்டும் தெரியும் என்று கணவரிடம் பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் பாடினார். “வாருமம்மா, வாருமம்மா” என்று அவர் இழுத்தபோது கூடவே பாடினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. போனிலேயே கண்ணாக இருக்கும் என் பேரன் அன்று அதை வெளியே எடுக்கவில்லை.

மதியம் மூன்றுக்குள் கிளம்பிவிட்டோம். சாயங்காலமானால் வழியில் ஜாரி என்ற தொழிற்பேட்டைப் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொள்வோம் என்று ஓட்டுநரே அவசரப்படுத்தினார். கப்பலேற நிறைய நேரம் இருந்தது, துறைக்குப் பக்கத்துச் சந்தையில் மசாலாப் பொட்டலம் கூட வாங்கினோம்.

இந்தக் கட்டுரை மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மொரீஷியஸ் பற்றி வந்ததிலும் ஓட்டல்களும் கடற்கரையும்தான். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை விடுகிற நாட்டைப் பற்றிய கட்டுரை அது! அப்போதும் எழுதினேன். என் கடிதத்தில் பாராட்டியிருந்த இரண்டு வரியை மட்டும் போட்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள். அப்புறம், உங்கள் பயணக் கட்டுரைகளை எல்லாம் அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எழுதுகிறார்களோ என்னவோ, விசாவைப் பற்றி ஒரு சொல் இருக்காது. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் எங்களைப் போன்ற பெற்றோர் வைத்திருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. கப்பலில் போய்த் திரும்பினால் மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைவதாகத்தான் கணக்கு, பலமுறை நுழையும் விசா வேண்டும். குவாதலூப் பிரெஞ்சு மண் என்றாலும் ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேராது, அதற்கான விதியைத் தனியாக விசாரிக்க வேண்டும். உங்கள் கட்டுரையை நம்பிப் பணம் கட்டிவிட்டுத் துறைமுகத்தில் நிற்கப் போகிறவரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. என் தந்தை காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் இதழ் என்பதால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனி கப்பல் பயணக் கட்டுரை வந்தால் கடைசியில் சிறு கட்டம் கட்டி விசா விவரத்தோடு, கப்பல் கரையிலேயே நிற்குமா, படகில் இறங்க வேண்டுமா என்பதையும் போடுங்கள். கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் ஒன்றுதானா என்று கப்பலில் கேட்டுக்கொள்ளவும் சொல்லுங்கள். குளிர்காலத்தில் குவாதலூப் ஃபுளோரிடாவை விட ஒரு மணி நேரம் முந்தியது. சாங்ஷி கோயிலின் படம் எங்களிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன். இந்த முறையாவது கடிதத்தை வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
காரைக்கால் வாசகி