மழை விடுமுறை அறிவித்த பிறகு பிள்ளைகள் என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடலோர மாவட்டங்களில் விடியற்காலையில் எல்லா வீடுகளிலும் கேட்கப்படும் முதல் கேள்வி, இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதுதான். மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வந்ததும் எந்தெந்த மாவட்டங்களுக்கு விடுமுறை, பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்கும் சேர்த்தா என்ற பட்டியலைத் தொலைக்காட்சியும் தங்கள் நாளிதழும் தருகின்றன. அத்துடன் அந்த விஷயம் முடிந்துவிடுகிறது. கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த விடுமுறை நாளில் பிள்ளை எதைப் படிக்கும், எங்கே விளையாடும், மதியம் என்ன சாப்பிடும் என்பதையும் அக்டோபருக்கு முன்பே பள்ளிகள் யோசித்து வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தவே இதை எழுதுகிறேன்.

விடுமுறை விடுவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஓடையையும் தரைப்பாலத்தையும் கடந்து வரும் பிள்ளைகள் உள்ள ஊர்களில் ஒரு நாள் பாடத்தைவிட உயிர் பெரிது. ஆனால் இது இப்போதெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் விவகாரமாக இல்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பள்ளிகள் நாள்கணக்கில் மூடப்பட்டு அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போயிற்று. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தூத்துக்குடியும் நெல்லையும் நீரில் மூழ்கின. மறு ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலும், அதையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்ட வெள்ளமும் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைப் புரட்டிப்போட்டன. மழை நின்ற பிறகும் பள்ளி உடனே திறப்பதில்லை. ஊரில் மேடான இடத்தில் உள்ள கான்கிரீட் கட்டடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான் என்பதால் நிவாரண முகாமும் அங்கேயே நடக்கிறது. முகாம் கலைந்து, வகுப்பறையைக் கழுவிவிட்டு, கழிப்பறையைச் சரிசெய்து, பாம்பு கீம்பு இருக்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் மேலும் இரண்டு மூன்று நாள் போய்விடும்.

நீண்ட காலம் பள்ளி மூடப்பட்டால் என்ன நேரும் என்பதை நாம் கொரோனா காலத்தில் கண்டோம். 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போன ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள், 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். ஏறத்தாழ 19 மாதங்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு, 2021 டிசம்பரில் இருந்த நிலையை 2019இல் அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையோடு ஒப்பிட்டது. கணக்கில் ஏற்பட்டிருந்த பின்னடைவு மொழிப்பாடத்தில் ஏற்பட்டதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்கு இதில் வியப்பில்லை. தமிழ் வீட்டிலும் தெருவிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்; கடன் வாங்கிக் கழிப்பது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

அந்த ஆய்வின் மறுபாதி நம்பிக்கையளிப்பது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டுவிட்டது. அப்படி மீட்டதில் ஏறத்தாழ கால்வாசி இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் கிடைத்தது. 2021 அக்டோபர் 27இல் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் பெரிய தொழில்நுட்பம் ஏதும் இல்லை. அந்தத் தெருவிலேயே படித்த ஒரு பெண், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அவ்வளவுதான். நான் பார்த்த மையம் ஒன்றில் தன்னார்வலர் வீட்டுத் திண்ணையில், நான்காம் வகுப்புப் பையனையும் இரண்டாம் வகுப்புச் சிறுமியையும் ஒரே பாயில் உட்காரவைத்து ஒரே கழித்தல் கணக்கைப் போடச் சொன்னார், ஏனென்றால் இருவருக்கும் தெரியாதது அதே கணக்குத்தான். வகுப்பு வாரியாகப் பாடம் நடத்தியே பழகிய எங்களுக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது. பின்னாளில் இந்த மையங்கள் வெகுவாகக் குறைக்கப்பட்டுவிட்டன. குறைந்தபட்சம் புயலும் வெள்ளமும் ஆண்டுதோறும் வரும் மாவட்டங்களிலாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவற்றைத் தக்கவைக்கலாம். மூடிய நாளிலும் தெருவுக்குள் நடந்தே போய்விடக்கூடிய ஆசிரியர் அந்தத் தன்னார்வலர் ஒருவர்தான்.

இதைச் சொன்னால், ஆன்லைன் வகுப்பு நடத்தலாமே, எல்லோர் வீட்டிலும் செல்பேசி இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, அப்பாவின் சட்டைப்பையில். அவர் வேலைக்குப் போகும்போது அதுவும் போய்விடும். மேலும் புயல் நாளில் பாதுகாப்புக் கருதி மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்திவைக்கிறது. செல்பேசிக் கோபுரமும் பல இடங்களில் ஓய்ந்துவிடும். கல்வித் தொலைக்காட்சியும் மணற்கேணிச் செயலியும் நல்ல ஏற்பாடுகளே. சாதாரண நாளில் அவற்றால் பயன் உண்டு. ஆனால் எந்த நாளுக்கு மாற்று ஏற்பாடு தேவைப்படுகிறதோ அந்த நாளில் கரண்ட் இருக்காது என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே காகிதத்தையும் புத்தகத்தையும் நம்புவதே மேல். அக்டோபர் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தண்ணீர் புகாத உறையில் இரண்டு வாசிப்புப் புத்தகங்கள், நாளுக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் பத்துப் பயிற்சித்தாள்கள், ஒரு பென்சில் போட்டுக் கொடுத்துவிடலாம். இதற்குப் புதிதாக எதையும் அச்சடிக்க வேண்டியதில்லை. வாசிப்பு இயக்கத்தின் கீழ் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வாரியாகப் போடப்பட்ட சிறு புத்தகங்களும், ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. பல பள்ளிகளில் அவை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். புத்தகம் தொலைந்தாலோ நனைந்தாலோ தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற அச்சமே பூட்டுக்குக் காரணம். பிள்ளைகளின் கையில் கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்கப்பட மாட்டாது என்று முதன்மைக் கல்வி அலுவலர் ஒரு வரிச் சுற்றறிக்கை அனுப்பினால் பாதி வேலை முடிந்துவிடும்.

பயிற்சித்தாளில் பாடப்புத்தகக் கணக்கையே மறுபடி அச்சிட்டுக் கொடுப்பதில் பயனில்லை. வீட்டில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். பல்லாங்குழியில் 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. நான்கு சேர்ந்த குழியைப் ‘பசு’ என்று எடுத்துக்கொள்கிறபோது எத்தனை மிச்சம் என்று எழுதச் சொன்னால், கூட்டல் கழித்தல் முழுவதும் அதில் அடங்கிவிடும். பாட்டியும் கூட உட்கார்ந்துகொள்வார். பெரிய பிள்ளைகளுக்கு மழையே பாடம். பக்கங்கள் நேராக உள்ள டப்பா ஒன்றைக் கூரைத் தண்ணீர் விழாத திறந்தவெளியில் வைத்து, காலை 8.30 மணிக்கு அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளட்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தை வைத்துத்தான் 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது. மறுநாள் தங்கள் நாளிதழில் வரும் மழையளவுப் பட்டியலோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர் என்று சொல்லிவிட்டால், தங்கள் வீட்டு மாடியில் எத்தனை குடம் தண்ணீர் விழுந்தது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே கணக்குப் போட்டுவிடும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே ஸ்கிப்பிங், தோப்புக்கரணம், சூரிய வணக்கம் என்று எவ்வளவோ செய்யலாம். சிக்கல் மழை பெய்யாத மழை விடுமுறையில்தான் இருக்கிறது. ஆட்சியர் விடுமுறை அறிவித்த அன்று பளிச்சென்று வெயில் அடிப்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்த வேடிக்கை. அன்று பிள்ளைகள் போவது ஏரிக்கும் குட்டைக்கும். சவுடு மண் எடுத்த பள்ளங்களில் நீர் நிரம்பிவிட்டால் மேலே முழங்கால் ஆழம்போலத் தெரியும், இரண்டடி தள்ளிக் கால்வைத்தால் ஆள் ஆழம் இருக்கும். நீரில் மூழ்கிச் சிறுவர்கள் இறந்த செய்தி தங்கள் நாளிதழில் வராத பருவமழைக் காலம் எனக்கு நினைவில்லை. எந்தெந்த நீர்நிலைப் பக்கம் போகக்கூடாது என்று பள்ளி மேலாண்மைக் குழு பட்டியலிட்டு, பெற்றோர் கூட்டத்தில் படித்துக்காட்டி, அங்கே எச்சரிக்கைப் பலகை வைக்க ஊராட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் தேங்காத, நிவாரண முகாம் இல்லாத பள்ளிகளில் மைதானத்தை மட்டுமாவது பகலில் திறந்துவிட்டு, உள்ளூர் இளைஞர் ஒருவரை மேற்பார்வைக்கு வைக்கலாம்.

அடுத்தது சாப்பாடு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளி மூடினால் காலை உணவு, சத்துணவு, முட்டை மூன்றும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. கூலி வேலை இல்லாத மழை நாளும் அதுவே என்பதால் வீட்டிலும் அடுப்பு சுருங்கிவிடும். கொரோனாக் காலத்தில் அரிசி, பருப்பு, பிறகு முட்டையும் உலர் உணவுப் பொருளாக மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. தொடர்ந்து மூன்று வேலை நாட்களுக்கு மேல் பள்ளி மூடப்பட்டால் அதே ஏற்பாடு தானாகவே நடைமுறைக்கு வரும் என்று நிலையான ஆணை ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கோப்பு தனியாகச் சென்னைக்குப் போய் வர வேண்டாம்.

முகாமில் தங்கியிருக்கும் பிள்ளைகள் இரவில் இடிச் சத்தம் கேட்டாலே அலறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆலோசகர் வரும்வரை காத்திராமல், வகுப்பாசிரியர் இரண்டு நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில், “சாப்பிட்டியா, அம்மா எங்கே, புத்தகம் நனைஞ்சிடுச்சா” என்று விசாரித்தாலே பெரிய ஆறுதலாக இருக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண் பிள்ளைகளை இந்த விசாரிப்பில் முதலில் வைக்க வேண்டும். நீண்ட விடுமுறையில் வேலைக்கோ கல்யாணத்துக்கோ அனுப்பப்பட்டுத் திரும்பி வராமல் போனவர்களைக் கொரோனாவுக்குப் பிறகு வீடு வீடாகத் தேடிச் சென்ற அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. 14417 என்ற கல்வி உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பயிற்சித்தாளின் பின்பக்கத்தில் அச்சாகட்டும்.

பள்ளி திறந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம். திறந்த அன்றே ‘போர்ஷன் முடியவில்லை’ என்ற பதற்றம் தொற்றிக்கொள்கிறது. முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளை, அடுத்தது சனிக்கிழமை, அதற்கடுத்து மாலைச் சிறப்பு வகுப்பு. தொடக்கநிலைக்கு ஆண்டுக்கு 200, உயர்தொடக்கநிலைக்கு 220 வேலை நாட்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதால் சனிக்கிழமையில் ஈடுசெய்வதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். ஆனால் வாரம் முழுதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளையிடமிருந்து பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்கு ஆசிரியரிடம் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. திறந்த முதல் இரண்டு நாட்களில் புதிய பாடமும் வேண்டாம், தேர்வும் வேண்டாம். யாருக்கு எது மறந்திருக்கிறது என்று வாய்மொழியாகப் பார்த்துக்கொண்டு, நனைந்துபோன பாடநூல்களுக்குப் பதில் வாங்கித் தந்து, மாலையில் மைதானத்துக்கு அனுப்பினால் மூன்றாம் நாளிலிருந்து பாடம் தானே வேகம் பிடிக்கும்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். பருவமழைக் காலம் முடியும்வரை, விடுமுறைப் பட்டியல் வரும் அதே பக்கத்தில் பிள்ளைகளுக்கென்று கால் பக்கம் ஒதுக்குங்கள். ஒரு சிறுகதை, இரண்டு கணக்கு, வீட்டுக்குள் ஆடக்கூடிய ஓர் ஆட்டம் போதும். செல்பேசி இல்லாத வீட்டுக்கும் தேநீர்க் கடை வழியாகத் தங்கள் நாளிதழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கணக்குகளை எழுதிக் கொடுக்க என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறோம். சன்மானம் வேண்டாம், விடையை மறுநாளே தவறாமல் வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
கடலூர் மாவட்டம்.