கல்லூரி நூலகமும் ஒரே சந்தாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உயர்கல்வி குறித்து வெளியான கட்டுரையில், "ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்ட பிறகும் கல்லூரி நூலகங்களுக்கு நூல் வாங்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவது வெறும் பழக்கதோஷம்" என்று ஒரு வரி இருந்தது. அடுத்த வரியிலேயே நூலகர்களைப் "பூட்டுக்குக் காவல் இருப்பவர்கள்" என்றும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். அரசு உதவிபெறும் கலை, அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்தப் பட்டத்தைப் பணிவுடன் ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பூட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்ல மட்டும் தங்கள் பக்கங்களில் சிறிது இடம் கேட்கிறேன்.

கல்வி நிறுவனங்கள் ஆய்விதழ்களை இணையத்தில் படிக்க மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் இந்தத் திட்டத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பன்னாட்டுப் பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் என்று தங்கள் இதழே அப்போது செய்திக் குறிப்பு வெளியிட்டதாக நினைவு. நல்ல திட்டம்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியே பேரம் பேசித் தனியே ஏமாந்துகொண்டிருந்த இடத்தில் நாடே ஒன்றாக நின்று விலை பேசுவதை எந்த நூலகரும் எதிர்க்கமாட்டார். ஒரே ஒரு கட்டுரையின் நகலுக்காகச் சென்னைக்கு ரயில் ஏறிய ஆய்வு மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால், மத்திய, மாநில அரசுகளின் மேலாண்மையில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் உரியது இது என்று அந்த அறிவிப்பிலேயே தெளிவாக எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் கல்லூரிப் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் தனியார் நிர்வாகத்தில் இயங்கும் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகப் பேராசிரியரான கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டதில் வியப்பில்லை. அவ்வளவு கீழே குனிந்து பார்க்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

போகட்டும், சந்தாவுக்கு உரிமை பெற்ற அரசுக் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். அங்கே பி.ஏ. வரலாறு முதலாண்டில் சேர்ந்து, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் ஒரு பெண் நூலகத்துக்கு வந்து கேட்பது, பாடத்திட்டத்தில் பெயர் குறிப்பிட்டிருக்கும் பாடநூலைத்தான், அதுவும் தமிழில். அது அந்த 13,000 ஆய்விதழ்களில் இருக்க வழியில்லை. தமிழ்த்துறை மாணவருக்கு வேண்டிய உரைப்பதிப்புகளையும் அகராதிகளையும் கல்வெட்டுத் தொகுதிகளையும் அந்த ஆய்விதழ்ச் சந்தா தருவதில்லை. பாடத்திட்டம் மாறும் ஒவ்வொரு முறையும், துறைக்கு இருபது படிகள் என்று வாங்கி வைத்த நூல்கள் ஒரே கோடையில் பயனற்றுப்போக, புதிய நூல்கள் வாங்கப் பணம் இல்லாமல் மாணவர்கள் பேருந்து நிலையக் கடைகளில் கைடு வாங்கிப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். ஆய்விதழ்ச் சந்தா வந்துவிட்டதால் நூல் வாங்குவதை நிறுத்தலாம் என்பது, தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்துவிட்டதால் வீட்டில் அரிசி வாங்குவதை நிறுத்தலாம் என்று சொல்வதைப் போன்றது.

சந்தா என்பது படிப்பதற்கான அனுமதி மட்டுமே என்பதையும் கட்டுரையாளர் மறந்துவிட்டார். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019இல் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனத்துடன் விலையிலும், கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கவிடும் திறந்த அணுக்கத்திலும் ஒத்துப்போக முடியாமல் பேச்சை முறித்துக்கொண்டபோது, 2021இல் உடன்பாடு ஏற்படும்வரை அதன் பேராசிரியர்கள் புதிய கட்டுரைகளுக்கு வேறு வழிகளைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு செல்வாக்குள்ள பல்கலைக்கழகத்தின் நிலையே அது. நம் திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் 2027 வரைக்குமானது. அதற்குப் பிறகு விலை என்ன, யார் கட்டுவார்கள் என்பதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. அலமாரியில் இருக்கும் நூல் யாரும் பணம் கட்டாவிட்டாலும் அங்கேயே இருக்கும்.

மின்வளங்கள் நூலகர்களுக்குப் புதியவை என்ற தொனியும் என்னை வருத்தியது. குஜராத்தின் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில், 6,000க்கும் மேற்பட்ட மின்னிதழ்களையும் லட்சக்கணக்கான மின்னூல்களையும் உதவிபெறும் கல்லூரிகள் ஆண்டுக்கு 5,000 ரூபாயும் வரியும் கட்டிப் பல ஆண்டுகளாகவே பெற்றுவருகின்றன. எங்கள் கல்லூரியில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் கடவுச்சொல் வாங்கிக் கையில் கொடுத்தேன். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் மட்டும் சிலர் அதைத் தேடி வந்தார்கள், அதற்குள் மறந்துபோயிருக்கும். பழுது மின்னிதழில் இல்லை, ஆசிரியர்களிலும் எல்லாரையும் குறை சொல்லமாட்டேன். இதை எப்படிப் பயன்படுத்துவது என்று வகுப்பெடுக்க வாரத்தில் ஒரு மணி நேரம் நூலகருக்குக் கொடுங்கள் என்று கேட்டபோது, கால அட்டவணையில் இடமில்லை என்று பதில் வந்தது.

இனி, அந்தப் 'பழக்கதோஷம்' எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததோடு, நூல் வாங்கப் பல்கலைக்கழக மானியக் குழுவிடமிருந்து எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு வந்துகொண்டிருந்த வளர்ச்சி மானியமும் நின்றுபோயிற்று. மிஞ்சியது மாணவர் கட்டும் நூலகக் கட்டணமும் நிர்வாகம் மனம்வைத்துத் தருவதும்தான். ஜூனில் துறைகளிடம் நூற்பட்டியல் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினால் ஜனவரியில் பட்டியல் வரும். பணம் பிப்ரவரி இறுதியில் வரும். மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மூன்று விலைப்புள்ளிகள் வாங்கிக் குழுவின் முன் வைத்தால், எந்த நூல் என்று கேட்பதற்கு முன்பாக எத்தனை சதவீதம் கழிவு (தள்ளுபடி) என்றுதான் கேட்பார்கள். தமிழில் நல்ல நூல் போடும் சிறு பதிப்பாளர் அந்தக் கழிவைத் தர முடியாது. தந்தாலும் காசோலைக்காக அவர் அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க முடியாது. பெரிய கழிவு தரும் விற்பனையாளரோ, அச்சிட்ட விலையின்மேல் புதிய விலைத்தாளை ஒட்டி, வேறெங்கும் விலைபோகாத இருப்பைக் கொண்டுவந்து இறக்குவார். ஒரு மார்ச்சில், தமிழ்த்துறை கேட்ட நூல்களில் ஒன்றுகூட இல்லாமல், ஒரு வேன் நிறைய மேலாண்மையியல் நூல்கள் வந்தன. எங்கள் கல்லூரியில் அந்தத் துறையே அப்போது கிடையாது. கணக்குப் புத்தகத்தில் ஒரு குறையும் இல்லை. நூல் சேர்க்கைப் பதிவேட்டில் என் கையால் ஒவ்வொன்றாகப் பதிந்து எண் போட்டேன்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் குழு வந்த ஆண்டில் நிலைமை இன்னும் சிறப்பாக இருந்தது. நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஆண்டுச் சராசரிச் செலவு எத்தனை லட்சம், நாள்தோறும் நூலகத்துக்கு வருவோர் எத்தனை பேர் என்ற கேள்விகள் படிவத்தில் இருந்தன. வந்தவர் கேட்ட நூல் கிடைத்ததா என்று கேட்க ஒரு கட்டமும் இருக்கவில்லை. ஆகவே லட்சங்களைக் காட்ட வேனும், வருகையைக் காட்டப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வகுப்பு வகுப்பாக அழைத்துவரப்படும் மாணவர்களும் தேவைப்பட்டார்கள்.

இப்போது பூட்டுக்கு வருகிறேன். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதைத் தம் நூலகவியல் விதிகள் ஐந்தில் முதலாவதாக வைத்தார். வாசகர் தாமே அடுக்குகளுக்குள் சென்று நூலெடுக்கும் முறைக்காக வாதாடினார். ஆண்டுதோறும் அவர் பிறந்தநாளாகக் கொண்டாடும் ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, மறுநாள் நாங்கள் மறுபடி அடுக்குகளைப் பூட்டுகிறோம். காரணம் எளியது. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (2017) 215ஆம் விதி, ஓராண்டில் இரவல் தந்த அல்லது பார்வைக்கு எடுக்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் காணாமற்போவதை, நேர்மையின்மையோ அலட்சியமோ இல்லாத வரையில், இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. இந்த விதியைத் தணிக்கையாளர் முன் நீட்டிய என் நண்பர் ஒருவருக்கு, அது மத்திய அரசு அலுவலகங்களுக்கு என்று பதில் கிடைத்தது. ஓய்வுபெறும் மாதத்தில், இருப்புச் சரிபார்ப்பில் விடுபட்டிருந்த நூல்களின் விலையைத் தம் கையிலிருந்து கட்டிய பிறகுதான் அவருக்கு நிலுவையின்மைச் சான்று கொடுத்தார்கள். மாணவர்களை அடுக்குகளுக்குள் விட்டதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. அதைப் பார்த்த சுற்றுவட்டார நூலகர்கள் அடுத்த வாரமே புதுப் பூட்டு வாங்கினார்கள். எந்த நூல் வாங்குவது என்பதில் எங்களுக்குச் சொல் இல்லை. தொலைந்தால் மட்டும் அது எங்கள் நூல்.

இதழ்களின் கதை இன்னும் கசப்பானது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்துவைத்த நூல்களையும் இதழ்களையும் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான், 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆய்வு நூலகம் உருவாயிற்று. எங்கள் கல்லூரியில், கூடுதல் கட்டடம் கட்ட, ஆண்டுக்கணக்கான தமிழ் இதழ்த் தொகுதிகளை அகற்றச் சொன்னபோது, எடைக்குப் போடும் முன் ஒரு பல்கலைக்கழகத்துக்காவது எழுதிக் கேட்போம் என்று நான் அனுப்பிய குறிப்பு, கையெழுத்தாகித் திரும்புவதற்குள் லாரி போய்விட்டது. அவற்றில் தங்கள் இதழின் பழைய தொகுதிகளும் இருந்தன. இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சியில்லை.

கோபத்தில் நீண்ட கடிதம் எழுதிவிட்டேன், கேட்பவை இரண்டே. ஒரே சந்தா யாருக்கு உரியது, எந்த ஆண்டு வரை என்பதை அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமாகவாவது வெளியிட வேண்டும். தங்கள் கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு நூலக ஒதுக்கீட்டைக் குறைக்கக் கல்லூரி முதல்வரிடம் போகும் கணக்காளர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மற்றொன்று தங்கள் மதிப்புரைப் பகுதியைப் பற்றியது. சிறு பதிப்பாளர்களின் நூல்களைக் கல்லூரிக்கு வாங்க அந்தப் பகுதியைத்தான் நான் நம்பியிருந்தேன். இன்றும் பல நூலகர்கள் அதைப் பார்த்தே பட்டியல் போடுகிறார்கள். முன்பெல்லாம் மதிப்புரையின் அடியில் பதிப்பக முகவரியும் வெளியான ஆண்டும் விலையும் இருக்கும். சில காலமாக நூலின் அட்டைப்படம் பெரிதாகவும் இவை மூன்றும் இல்லாமலும் வருகின்றன. விலையும் முகவரியும் இல்லாத நூலுக்கு விலைப்புள்ளி கேட்க முடியாது என்பதால் அது பட்டியலில் ஏறுவதே இல்லை. அட்டைப்படத்தைச் சற்றுச் சிறிதாக்கி அந்த மூன்று விவரங்களையும் மீண்டும் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.